அத்தியாயம் 6: விசை தெரியாத கதவு

சென்ற அத்தியாயத்தில் மைன்கிராஃப்டில் கட்டிய இரண்டுக்கு இரண்டு பிஸ்டன் கதவு, மூடியிருக்கும்போது சுவரோடு சுவராகக் கலந்துவிடுகிறது. நான்கு ஒட்டும் பிஸ்டன்களும் நீண்டு நிற்க, அங்கே வழி இருப்பதே தெரியாது. ஆனால் அதைத் திறக்க, பக்கத்துச் சுவரில் ஒரு லீவரை மாட்டி வைத்திருக்கிறோம். வெறும் கல் சுவரில் காரணமில்லாமல் ஒரு லீவர் இருந்தால், வருகிறவர் முதலில் அதைத்தான் இழுத்துப் பார்ப்பார். கதவை மறைக்கப் பட்ட பாடு அத்தனையும் அந்த ஓர் இழுப்பில் போய்விடும்.

கல் சுவரில் கல் பட்டன், கொடிகளுக்குப் பின்னால் லீவர், பொறிவைத்த பெட்டி என்று பலரும் செய்யும் வழிகள் இருக்கின்றன. இவையெல்லாம் மிதியடிக்குக் கீழே சாவியை வைப்பது மாதிரி; எல்லோருக்கும் தெரிந்த இடம். பொறிவைத்த பெட்டியின் கொக்கியைச் சுற்றி லேசான சிவப்பு இருக்கும் என்பது கொஞ்ச நாள் ஆடியவருக்கே தெரியும். பட்டன் எங்கே இருந்தாலும் பட்டன்தான். கண்ணில் பட்டுவிட்டால் கதை முடிந்தது.

இந்த அத்தியாயத்தில் விசையை ஒளிக்கப் போவதில்லை. எல்லோர் கண்முன்னும் இருக்கிற வாளையும் புத்தக அலமாரியையும், நமக்கு மட்டும் தெரிந்த விதத்தில் தொட்டால் கதவு திறக்கும்படி செய்யப் போகிறோம். விருந்தாளியும் அதே பொருளைத் தொடலாம், திருப்பலாம். ஆனால் எந்த அளவுக்குத் திருப்ப வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது.

சிக்னலுக்கு ஓர் அளவு உண்டு

இதுவரை ரெட்ஸ்டோனை இருக்கிறது, இல்லை என்ற இரண்டு நிலைகளாக மட்டுமே பயன்படுத்தினோம். உண்மையில் சிக்னலின் வலிமை 0 முதல் 15 வரை இருக்கும். தரையில் தூவிய தூளின் வழியே அது செல்லும்போது ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒன்று குறைகிறது. வலிமை 5 உள்ள சிக்னல் ஐந்தாவது தூளில் 1 ஆகி, ஆறாவதில் அணைந்துவிடும். நீண்ட கம்பி போடுகிறவருக்கு இது தொல்லை. நமக்கோ இதுதான் அளவுகோல். எத்தனையாவது தூள் வரை எரிகிறது என்று பார்த்தால் வந்த எண் எது என்று தெரிந்துவிடும்.

அந்த எண்ணைத் தருவது கம்பேரேட்டர். 2013-இல் வெளியான 1.5 பதிப்பில் அது வந்தது. ஒரு பொருளின் பின்னால் வைத்தால் அந்தப் பொருளின் நிலையை எண்ணாக மாற்றித் தரும்: பெட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது, ஃபிரேமில் உள்ள பொருள் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பது போல. அதன் தலையில் மூன்று சிறு டார்ச்சுகள் இருக்கும். இரண்டு சேர்ந்து நிற்பது பின்புறம், சிக்னல் நுழையும் வழி. ஒன்று தனியாக நிற்பது முன்புறம், சிக்னல் வெளியேறும் வழி. முன் டார்ச்சை வலது க்ளிக் செய்தால் அது எரியத் தொடங்கும். கம்பேரேட்டர் கழித்தல் முறைக்கு மாறிவிட்டது என்று பொருள். அப்போது பின்னால் வருவதிலிருந்து பக்கத்தில் வருவதைக் கழித்து, மிச்சத்தை முன்னால் அனுப்பும். இந்த அத்தியாயத்தின் பாதி வேலையை இந்தக் கழித்தல்தான் செய்கிறது.

மூன்று வாள் பூட்டு

சுவரில் ஐட்டம் ஃபிரேம் மாட்டி அதில் ஒரு வாளை வையுங்கள். வலது க்ளிக் செய்யும் ஒவ்வொரு முறையும் வாள் 45 டிகிரி திரும்பும். வைத்த நிலையில் கம்பேரேட்டர் தருவது 1. ஒவ்வொரு திருப்பலுக்கும் ஒன்று கூடி 8 வரை போகும். அடுத்த திருப்பலில் மறுபடியும் 1. ஃபிரேம் காலியாக இருந்தால் 0.

ஃபிரேமைத் தாங்கும் பிளாக் கண்ணாடியாகவோ படிக்கட்டாகவோ இருக்கக் கூடாது, முழுக் கல்லாக இருக்க வேண்டும். சுவருக்குப் பின்னால் போய், அதே பிளாக்கின் முதுகை ஒட்டி ஒரு கம்பேரேட்டர் வையுங்கள். இரட்டை டார்ச் பக்கம் சுவரைப் பார்க்கட்டும். ஃபிரேம் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்தில்தான் கம்பேரேட்டரும் இருக்க வேண்டும். ஃபிரேமைக் கண் உயரத்தில் மாட்டினால் பின்னறையின் தரையை ஒரு பிளாக் உயர்த்திக்கொள்ளுங்கள். பலரும் இதை மறந்துவிட்டு, சர்க்யூட் வேலை செய்யவில்லை என்று குழம்புவார்கள்.

இந்த வாளின் ரகசிய எண் 5 என்று வைத்துக்கொள்வோம். கம்பேரேட்டரின் முன்னாலிருந்து சுவரை விட்டு விலகி நேர்கோட்டில் ஆறு தூள் தூவுங்கள். ஐந்தாவது தூளின் வலப்பக்கத்தில் ஒரு ரிப்பீட்டர், ஆறாவதின் வலப்பக்கத்தில் இன்னொன்று. இரண்டின் மேலுள்ள அம்புக்குறியும் கோட்டை விட்டு வலப்பக்கமாக வெளியே போக வேண்டும். வாள் ஐந்திலோ அதற்கு மேலோ இருந்தால் முதல் ரிப்பீட்டர் எரியும். ஆறிலோ அதற்கு மேலோ இருந்தால்தான் இரண்டாவது எரியும். நமக்கு வேண்டியது முதலாவது எரிந்து இரண்டாவது எரியாத நிலை.

முதல் ரிப்பீட்டரின் முன்னால், அதே திசையில், ஒரு கம்பேரேட்டர் வைத்துக் கழித்தல் முறைக்கு மாற்றுங்கள். இரண்டாவது ரிப்பீட்டரின் முன்னால் ஒரே ஒரு தூள் போடுங்கள். அது அந்தக் கம்பேரேட்டரின் பக்கவாட்டில் வந்து உட்காரும். எண் 4 வரை இரண்டு வழியிலும் ஒன்றும் வராது. எண் 5 என்றால் பின்னால் 15, பக்கத்தில் 0. பதினைந்தும் வெளியே வரும். எண் 6 முதல் 8 வரை 15-லிருந்து 15 போய் மிச்சம் ஒன்றுமில்லை. ஐந்தைத் தவிர வேறு எதற்கும் இது அசையாது. வேறு எண் வேண்டுமானால் இரண்டு ரிப்பீட்டர்களையும் கோட்டில் முன்னேயோ பின்னேயோ நகர்த்தினால் போதும். எண் 8 என்றால் இரண்டாவது ரிப்பீட்டரே வேண்டாம்.

ஒரு வாள் போதாது. எட்டு க்ளிக்கில் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஃபிரேமைக் கண்டால் சுற்றிப் பார்க்காத ஆட்டக்காரர் இல்லை. மூன்று வாள் வைத்தால் 8 × 8 × 8, அதாவது 512 சேர்க்கைகள். மூன்றும் சரியாக இருந்தாலன்றி எதுவும் நகராது என்பதால், ஒன்றிரண்டு சரியாக அமைந்தாலும் திருப்புகிறவருக்கு எந்தக் குறிப்பும் கிடைக்காது.

மூன்றையும் இணைக்கிற இடத்தில் நம் கதவின் குணமே உதவிக்கு வருகிறது. பிஸ்டன்களுக்குச் சிக்னல் இருக்கும்வரை கதவு மூடியிருக்கும். சிக்னல் நின்றால் திறக்கும். ஆகவே ஒவ்வொரு கழித்தல் கம்பேரேட்டரின் முன்னாலும் ஒரு கல், அந்தக் கல்லின் மறுபக்கத்தில் ஒரு ரெட்ஸ்டோன் டார்ச். எண் தவறாக இருந்தால் கல்லுக்குச் சிக்னல் வராது, டார்ச் எரியும். எண் சரியானால் டார்ச் அணையும். மூன்று டார்ச்சிலிருந்தும் தூளை இழுத்து ஒரே பொதுக் கோட்டில் சேர்த்து, அதை நேராகப் பிஸ்டன்களுக்குக் கொண்டுபோங்கள். ஏதாவது ஒரு டார்ச் எரிந்தாலே கோட்டில் சிக்னல் இருக்கும், கதவு மூடியிருக்கும். மூன்றும் அணைந்தால்தான் திறக்கும். தனியாக வேறொரு இணைப்புச் சர்க்யூட் தேவையில்லை. மின்சாரம் வந்தால் திறக்கும் கதவாக இருந்திருந்தால் கடைசியில் இன்னொரு டார்ச் வைத்துத் தலைகீழாக்க வேண்டியிருக்கும்.

ஃபிரேம்களுக்கு இடையே ஏழு பிளாக் இடைவெளி விடுங்கள். நெருக்கி வைத்தால் ஒரு வாளின் தூள் அடுத்த வாளின் தூளோடு ஒட்டிக்கொள்ளும். பொதுக் கோடு, மூன்று தூள் கோடுகளில் நீளமானது முடிகிற இடத்துக்கு அப்பால், ஒரு வரிசையாவது காலியாக விட்டு ஓடட்டும். அது 15 தூளைத் தாண்டும் என்பதால் நடுவில் ஒரு ரிப்பீட்டர் வேண்டும். ரிப்பீட்டர் ஒரு வழிப் பாதை. கதவை ஒரு கோடியில் வைத்து, எல்லா டார்ச்சும் ரிப்பீட்டரின் பின்புறத்தில் சேரும்படியோ, அதைத் தாண்டிய பின் தனியாகச் சேரும்படியோ பார்த்துக்கொள்ளுங்கள். ரிப்பீட்டர் பின்னோக்கித் திரும்பியிருந்தால் ஒரு வாள் கணக்கிலேயே வராது. கதவு இரண்டு வாளுக்கே திறந்துவிடும்.

தேவையான பொருட்களைக் கூட்டிப் பார்த்தால் ஆறு கம்பேரேட்டர், ஏழு ரிப்பீட்டர், மூன்று டார்ச். ஒரு கம்பேரேட்டருக்கு மூன்று டார்ச், மூன்று கல், ஒரு நெதர் குவார்ட்ஸ். ஒரு ரிப்பீட்டருக்கு இரண்டு டார்ச், மூன்று கல், ஒரு தூள். தரையில் தூவுவதையும் சேர்த்தால் 90 தூளை ஒட்டி வரும். இரும்புப் பிக்காக்ஸால் உடைத்தால் ஒரு ரெட்ஸ்டோன் தாது நான்கைந்து தூள் தரும் என்பதால், இருபது தாதுவில் வேலை முடிந்துவிடும். ஆறு குவார்ட்ஸுக்காக ஒருமுறை நெதருக்குப் போய் வரத்தான் வேண்டும்.

எந்தப் பொருளை ஃபிரேமில் வைப்பது என்பதையும் யோசித்துச் செய்யுங்கள். தலையும் வாலும் தெளிவாகத் தெரியும் பொருள் வேண்டும். இல்லாவிட்டால் எந்த நிலையில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. வாள், அம்பு, மண்வெட்டி நல்லவை. ஆயுத அறை என்று சொல்லி வரிசையாக ஆறேழு வாள் மாட்டி, அதில் மூன்றுக்கு மட்டும் பின்னால் கம்பேரேட்டர் வையுங்கள். மற்றவை சும்மா தொங்கட்டும். சேர்க்கைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட இந்தப் பொய் வாள்கள் பெரிய பாதுகாப்பு. எது பூட்டு, எது அலங்காரம் என்றே தெரியாதவர் 512 வரை எண்ணப் போவதில்லை.

இந்தப் பூட்டில் ஒரு குறை உண்டு. வாள் நிற்கும் கோணம் எல்லோருக்கும் தெரியும். உள்ளே போகும்போது சரியான நிலையில் விட்டுவிட்டுப் போனால், கதவும் திறந்து கிடக்கும், விடையும் சுவரில் எழுதியிருக்கும். போகும்போதும் வரும்போதும் ஒரு வாளையாவது கலைத்துவிட வேண்டும். அந்தக் கவனம் இல்லாதவருக்கு அடுத்த முறைதான் பொருத்தம்.

நாலாவது புத்தகம்

2023-இல் 1.20 பதிப்போடு வந்த சிசல்டு புக்ஷெல்ஃப், அதாவது ஆறு புத்தகம் செருகும் அலமாரி, மறைவிசைக்காகவே செய்தது போலிருக்கிறது. அதன் பின்னால் ஒட்டி வைத்த கம்பேரேட்டர், கடைசியாகத் தொட்ட இடம் எது என்று சொல்லும். மேல் வரிசையில் இடமிருந்து வலமாக 1, 2, 3. கீழ் வரிசையில் 4, 5, 6. புத்தகத்தை எடுத்தாலும் அதே எண், வைத்தாலும் அதே எண். நாலாவது புத்தகத்தை எடுத்துத் திரும்ப அங்கேயே வைத்துவிட்டால் எண் 4 ஆகவே நிற்கும். அலமாரியைப் பார்த்தால் யாரும் தொட்ட அடையாளமே இருக்காது. வாளில் இல்லாத வசதி இது.

பின்னால் வேண்டிய சர்க்யூட்டை நீங்கள் ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள். அதே தூள் கோடு, அதே இரண்டு ரிப்பீட்டர், அதே கழித்தல். இந்தக் கம்பேரேட்டர் அலமாரியை நேரடியாகத் தொட்டு நிற்க வேண்டும், நடுவில் கல் வேண்டாம். ஓர் அலமாரிக்கு ஆறு வாய்ப்பு, இரண்டுக்கு 36. நூலகம் மாதிரி ஒரு சுவர் முழுக்க அடுக்கினால் எதைத் தொடுவது என்றே யாருக்கும் தெரியாது.

ஆனால் நீங்கள் உள்ளே போன பிறகும் அலமாரி 4-ஐயே சொல்லிக்கொண்டிருக்கும். கதவும் திறந்தே கிடக்கும். இதற்கு நினைவு வைத்துக்கொள்ளும் ஒரு பொருள் வேண்டும்: ஒரு தட்டுக்குத் திறந்து, அடுத்த தட்டுக்கு மூடுவது. முன்பு இதற்காகத் தனிச் சர்க்யூட் கட்டுவார்கள். 2024-இல் 1.21 பதிப்பில் வந்த காப்பர் பல்ப் அதை ஒரே பிளாக்கில் முடித்துவிட்டது. சிக்னல் வரும் ஒவ்வொரு முறையும் எரிவதிலிருந்து அணைவதற்கோ, அணைந்ததிலிருந்து எரிவதற்கோ அது மாறும். சிக்னல் போனாலும் மாறிய நிலையிலேயே நிற்கும். எரியும்போது கம்பேரேட்டரில் 15 தரும். மூன்று செம்பு பிளாக், ஒரு பிளேஸ் தண்டு, ஒரு தூள் சேர்த்தால் நான்கு பல்ப் கிடைக்கும்.

பல்ப் எரிந்தால் கதவு மூடியிருக்கட்டும். அப்போது பல்பின் கம்பேரேட்டரிலிருந்து நேராகப் பிஸ்டன்களுக்குக் கோடு போகும்; இங்கும் தலைகீழாக்கும் டார்ச் மிச்சம். உள்ளறையில் ஒரு கல் பட்டன் வைத்து அதையும் பல்போடு இணையுங்கள். உள்ளே போனதும் ஒரு தட்டு, கதவு மூடும். வெளியே வர இன்னொரு தட்டு.

இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அலமாரி 4-இல் நிற்கும்வரை பல்புக்குச் சிக்னல் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். ஏற்கெனவே சிக்னல் இருக்கும் பல்புக்குப் பட்டனின் தட்டு புதிதாகத் தெரியாது. உள்ளே போனாலும் கதவை மூட முடியாது. அதனால் அலமாரியின் நீண்ட சிக்னலை ஒரு சிறு துடிப்பாக வெட்டித்தான் பல்புக்கு அனுப்ப வேண்டும்.

அலமாரிச் சர்க்யூட்டின் கடைசித் தூளை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு கிளை நேராக ஒரு கழித்தல் கம்பேரேட்டரின் பின்புறம் நுழையட்டும். இன்னொரு கிளை வளைந்து போய், நான்காம் நிலையில் வைத்த ஒரு ரிப்பீட்டர் வழியாக அதே கம்பேரேட்டரின் பக்கவாட்டில் நுழையட்டும். நான்காம் நிலை ரிப்பீட்டர் 0.4 வினாடி தாமதிக்கும். அந்த 0.4 வினாடி மட்டும் கம்பேரேட்டர் சிக்னலை வெளியே விடும். பிறகு பக்கத்துச் சிக்னல் வந்து சேர்ந்து கழித்துவிடும். அலமாரி வேறு எண்ணுக்கு மாறும்போது பின்புறச் சிக்னலே இல்லாததால் எந்தத் துடிப்பும் வராது. ஆக, 4-க்கு மாறும் கணத்தில் மட்டும் ஒரு துடிப்பு. கதவை வெளியிலிருந்து மூட, வேறொரு புத்தகத்தைத் தொட்டுவிட்டு மறுபடி நாலாவதைத் தொட வேண்டும். கிளம்பும்போது இன்னொன்றையும் தொட்டு எண்ணைக் கலைத்துவிடுங்கள்.

ஜாவா பதிப்பில் பழைய ஆட்டக்காரர்கள் காப்பர் பல்புக்குப் பதிலாக ஒட்டும் பிஸ்டனையும் ரெட்ஸ்டோன் பிளாக்கையும் வைத்து இதைச் செய்வார்கள். மிகச் சிறு துடிப்பு கொடுத்தால் ஜாவாவில் ஒட்டும் பிஸ்டன் தன் பிளாக்கை விட்டுவிட்டுத் திரும்பும். அடுத்த துடிப்பில் இழுத்துக்கொள்ளும். பெட்ராக் பதிப்பில் பிஸ்டன் அப்படி விடாது. கைபேசியில் ஆடுகிறவர்கள் ஜாவா வீடியோவைப் பார்த்துக் கட்டி ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். மேலே சொன்ன வாள் பூட்டும் அலமாரிப் பூட்டும் இரண்டு பதிப்பிலும் ஓடும்.

மற்றவை

லெக்டர்னில் 15 பக்கப் புத்தகம் வைத்தால், திறந்திருக்கும் பக்கத்தின் எண்ணே சிக்னலாக வரும். அழகான யோசனைதான். ஆனால் புத்தகத்தைக் கண்டால் எல்லோரும் கடைசி வரை புரட்டுவார்கள், புரட்டும்போது சரியான பக்கத்தையும் கடப்பார்கள். தனியாக வைக்காதீர்கள், வாளோடு சேர்த்து இரண்டாவது பூட்டாக வையுங்கள். டார்கெட் பிளாக்கில் அம்பு விடும் பூட்டு விளையாட்டுக்கு நன்றாக இருக்கும். நடுவில் பட்டால்தான் வலிமை கூடும் என்பதால், அவசரத்தில் ஓடி வரும்போது உங்கள் கதவே உங்களுக்குத் திறக்காது. ஸ்கல்க் சென்சர் காலடி அதிர்வுக்கே துடிக்கும், பக்கத்தில் போகும் ஆட்டுக்கும் துடிக்கும். மறைகதவுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காட்டிக்கொடுப்பவை

சர்க்யூட் சரியாக இருந்தும் கதவு பிடிபடுவது பெரும்பாலும் வேறு காரணங்களால்தான். முதலாவது வெளிச்சம். ரெட்ஸ்டோன் டார்ச் 7 அளவுக்கு ஒளி தரும், எரியும் காப்பர் பல்ப் 15. பின்னறைச் சுவரில் ஓர் ஓட்டை இருந்தாலும் இருட்டில் வெளிச்சம் கசியும். காப்பர் பல்பை நான்கு புறமும் கல்லால் மூடுங்கள்.

இரண்டாவது ஓசை. பிஸ்டன் இயங்கும் சத்தத்தை மறைக்க வழியில்லை. பக்கத்து அறையில் யாராவது இருந்தால் கேட்டுவிடும். ஆள் இருக்கும்போது திறக்காதீர்கள். வேறு தந்திரம் எதுவும் கிடையாது.

மூன்றாவது சுவரின் தோற்றம். மரத்தண்டு போன்ற திசை உள்ள பிளாக்கைக் கதவில் வைத்தால், ஒன்று மாறித் திரும்பியிருந்தாலும் கோடு உடைந்து தெரியும். கதவுக்குச் சாதாரணக் கல், செங்கல், பலகை போதும். அப்சிடியனைப் பிஸ்டன் தள்ளாது. ஜாவாவில் பெட்டி, உலை போன்றவற்றையும் தள்ளாது.

ஜாவாவில் ஆடுபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அங்கே பிஸ்டனுக்கு நேர் மேலே உள்ள கட்டத்துக்குச் சிக்னல் போனாலும் பிஸ்டன் இயங்கக்கூடும். கதவுக்கு மேலே தூள் ஓட்டினால் நீங்கள் நினைக்காத நேரத்தில் கதவு மூடிக்கொள்ளும், சில சமயம் பாதி மட்டும் திறந்து நிற்கும். கோட்டைக் கீழாலோ பின்னாலோ கொண்டுபோங்கள்.

கட்டும் முன் கிரியேட்டிவ் முறையில் தட்டையான உலகம் ஒன்றில் ஒரே ஒரு வாளுக்கு மட்டும் கட்டிப் பாருங்கள். ஜாவாவில் எஃப் 3 விசையை அழுத்திவிட்டுத் தூளைப் பார்த்தால் அதன் வலிமை எண்ணாகவே திரையில் தெரியும். எந்த இடத்தில் 5 வர வேண்டியது 4 ஆகிறது என்று உடனே பிடிபடும். முக்கால்வாசித் தவறு ஃபிரேமும் கம்பேரேட்டரும் வேறு வேறு உயரத்தில் இருப்பதாகவோ, கழித்தல் டார்ச்சை எரியவிட மறந்ததாகவோதான் இருக்கும்.

நண்பர்களோடு ஒரே சர்வரில் ஆடினால் மாதம் ஒருமுறையாவது எண்களை மாற்றுங்கள். உள்ளறையில் ஒரு பட்டனும், பட்டன் வேலை செய்யாவிட்டால் சுவரை உடைக்க ஒரு பிக்காக்ஸும் எப்போதும் இருக்கட்டும்.